படிவத்தில் இல்லாத மூக்கு

அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் யாரைக் கேட்டாலும் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லத் திணறுவார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது இருந்தது. மற்றபடி டாக்டரிலிருந்து துடைப்பம் பிடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் மூக்கு அக்கா. புதிதாகச் சேர்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு முதலில் அவள் மூக்கைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அதில் ஒரு விசேஷமும் இல்லை, எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ஒரு மூக்கு. பட்டப்பெயர் வந்தது நோயாளிகளின் மூக்கால்.

விஷயம் புரியவேண்டும் என்றால் அவள் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கட்டிக்கொண்டால், முன்பெல்லாம் மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் திறப்பார்கள். இப்போது ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத் துளை போட்டால் போதும். அதன் வழியாக ஒரு ஒல்லிக் குழாயை இறக்கி, கட்டிய ரத்தத்தை உறிஞ்சிவிடலாம். ஆனால் உள்ளே இறங்குகிற குழாய் எங்கே போகிறது என்பது டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்குத்தான் வழிகாட்டி இயந்திரம். நோயாளியின் ஸ்கேன் படத்தை முதலில் அதற்குள் ஏற்றுவார்கள். தலையை ஒரு கவ்வியில் அசையாமல் பிடித்து, அந்தக் கவ்வியிலேயே நான்கு வெள்ளிக் குண்டுகள் வைத்த ஒரு கையை மாட்டுவார்கள். அதை நட்சத்திரம் என்பார்கள். இரண்டு கண் வைத்த கேமரா ஒன்று அந்தக் குண்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரு குச்சியால் நோயாளியின் நெற்றி, புருவம், கன்னம் எல்லாம் தடவ வேண்டும். மேசையில் கிடக்கிற முகத்தையும் ஸ்கேனில் இருக்கிற முகத்தையும் இயந்திரம் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் திரை பச்சையாகும், பக்கத்தில் ஓர் எண் வரும். அதற்கப்புறம் குச்சியை எங்கே வைத்தாலும் அந்த இடம் திரையில் தெரியும், குழாயை எங்கே இறக்கினாலும் தெரியும்.

தடவுகிற வேலைதான் அவளுடையது. பச்சை வந்ததும் அறையில் எல்லாரும் மூச்சு விடுவார்கள், அவள் விடமாட்டாள். குச்சியை எடுத்து நோயாளியின் மூக்கு நுனியைத் தொடுவாள். தொட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பாள், அங்கேயும் குச்சி மூக்கு நுனியில் நிற்கிறதா என்று. அப்புறம் கண்களின் வெளி ஓரம், காதுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேடு. எல்லாம் சரியாக இருந்தால்தான், "துணி போர்த்தலாம் டாக்டர்" என்பாள். ஏன் இந்தப் பாடு? பச்சை என்பது தடவின நேரத்துச் சங்கதி. தடவினபின் நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்துவிட்டால்கூட இயந்திரத்துக்குத் தெரியாது. குண்டுகள் நான்கும் கண்ணில் படுகிற வரைக்கும் அது பாட்டுக்குப் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அவள் இருபத்திரண்டு வயதில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவத்தான் இங்கே வந்தாள். இருட்டறையில் நின்று, நகமெல்லாம் பழுக்கிற வரை மருந்துத் தொட்டியில் ஃபிலிமை முக்கி எடுத்தாள். கம்ப்யூட்டர் வந்து ஃபிலிம் ஒழிந்தது, அவளை ஸ்கேன் அறைக்கு மாற்றினார்கள். பதினாறு வருடத்துக்கு முன் முதல் வழிகாட்டி இயந்திரம் வந்தபோது அந்தக் கனத்தை அறை அறையாக உருட்ட எந்த ஆணும் முன்வரவில்லை, முதுகு போய்விடும் என்றார்கள். "எனக்கும் ஒரே முதுகுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உருட்டினாள். உருட்டிக்கொண்டு போன இடத்தில் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டாள்.

மூக்கைத் தொடும் பழக்கம் வந்ததும் அப்போதுதான். ஒரு நோயாளி புரண்டுகொண்டே இருக்கிறான் என்று ஸ்கேன் அறையில் அவன் நெற்றியைப் பட்டையால் இறுக்கிக் கட்டிப் படம் எடுத்துவிட்டார்கள். பட்டை இழுத்த இழுப்பில் தோல் மேலே போயிருந்தது. ஆபரேஷன் மேசையில் பட்டை இல்லை, தோல் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. இயந்திரம் எதையும் கண்டுகொள்ளாமல் பச்சை காட்டியது. என்னவோ உறுத்த, அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். திரையில் குச்சி மூக்குக்குள்ளே புகுந்து நின்றது. அப்போதிருந்த பெரிய டாக்டர் அன்றைக்கே ஆபரேஷன் படிவத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'துணி போர்த்தும் முன் மூக்கு நுனி, கண் ஓரம், காது மேடு தொட்டுச் சரிபார்க்கப்பட்டது. சரிபார்த்தவர் கையொப்பம்.' அந்த வரி பதினைந்து வருடம் இருந்தது. அவள் விடுப்பில் போன நாட்களிலும் யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தில் இருந்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் செய்யமாட்டார்கள், வேலை பார்க்கிற இடத்தில் உலகம் முழுக்க அப்படித்தானே?

இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

புது நிர்வாகி ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு ஆறிப்போகலாம். சிரித்த முகம், அழுக்குப்படாத சட்டை. நீளமான படிவத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு உடம்பு அரிக்கும். "எல்லாம் ஒரே பக்கம்" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். அவர் வந்த சூட்டோடு புது வழிகாட்டி இயந்திரமும் வந்தது. பழையதில் பாதி எடை, பளபளவென்று திரை. விற்ற நிறுவனத்தின் ஆள் டை கட்டிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு வந்து, "இதுக்கு கையால சரிபார்க்கவே வேண்டாம் சார், ஸ்க்ரீனே எல்லாம் சொல்லிடும்" என்றான். அந்தக் கூட்டத்துக்குப் பதினாறு வருடம் இயந்திரம் உருட்டியவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவே இல்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

இரண்டு பக்கப் படிவத்தை ஒரு பக்கமாக்கச் சொல்லி உத்தரவு போனது. எந்த வரியை எடுப்பது என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்கள். நோயாளியின் செருப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரி உண்டு, அது தப்பித்துவிட்டது. மூக்கு வரிக்குக் கோடு விழுந்தது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

மருத்துவமனையின் படிவங்கள் எல்லாம் தரைத்தளத்தில் இருந்த அச்சு அறையில்தான் தயாராகும். அங்கே இருந்தவரை அவள் அச்சுத் தம்பி என்று கூப்பிடுவாள். நாற்பத்து நாலு வயது, வாய் ஓயாத மனுஷர். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும்போதே பக்கத்தில் இருப்பவர்களிடம் உலக விவகாரம் முழுக்கப் பேசி முடித்துவிடுவார். சிவப்புக் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு அவர் மூன்று மாடி ஏறி வந்தார்.

"அக்கா, உங்க வரி மேலயே கோடு போட்டிருக்காங்க. எடுத்துடலாமா? நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா, நான் மேல போய் ஏன்னு கேட்டுட்டு வரேன். நான் கேட்டா அவருக்குக் கோபம் வராது, நான் பேசுற பேச்சுல மறந்தே போயிடுவார்."

கூட்டம் நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். அன்று அது இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? கூட்டத்துக்குக் கூப்பிடும்போது கேட்டாங்களா? எடுங்க தம்பி, நல்லா எடுங்க. செருப்பை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க!"

"அக்கா, நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நெஜமா, சத்தியமா. போங்க, எனக்கு வேலை கெடக்கு."

அவர் கொஞ்சம் தயங்கி நின்றார், அப்புறம் இறங்கிப் போனார். அன்று மாலை வீட்டில் அவள் இதைப் பெருமையாகவே சொன்னாள். அவள் கணவர் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அதாவது தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதிக்கிறவர். எதையும் நிதானமாகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"உன் கோபம் நியாயந்தான்," என்றார். "ஆனா கடைசியில அந்த வரியை எடுக்கச் சொன்னது யாரு? அவங்களா, நீயா?"

அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அன்று பாத்திரம் முழுக்க அவரே கழுவினார். சினத்தால் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? மறுநாள் போய், வேண்டாம் தம்பி, எடுக்காதீங்க என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாடிதான். அவள் போகவில்லை. தான் மட்டும் வழக்கம்போல மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தாள், அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் விடுப்பில் இருந்த இரண்டு நாட்களில் நடந்த ஆபரேஷன்களில் யாரும் தொடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே யாருக்கும் பயமும் வரவில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலை பதினோரு மணிக்கு அச்சுத் தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். வலது கையிலிருந்த தாள்கள் நழுவின. அவற்றை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடுகிற ஆள். ஸ்கேனில் இடது பக்கத்து மூளையின் ஆழத்தில் ரத்தம் எலுமிச்சை அளவுக்குக் கட்டியிருந்தது. டாக்டர் குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவருடைய மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். இடுப்பில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தாள். அதில் யாரோ ஒரு குழந்தை துப்பிய பால் காய்ந்திருந்தது.

"காலையில கிளம்பும்போதுகூட வாயை மூடாம பேசிட்டுப் போனாரே, அக்கா," என்று மூக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயை மூடுங்களேன்னு நான்தான் கத்தினேன். நான்தான் சொன்னேன்."

"உள்ள நான் இருக்கேன்," என்றாள் மூக்கு அக்கா.

மேசையில் தூங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தை அவள் தடவினாள். நெற்றி, புருவம், கன்னம். பச்சை வந்தது, எண்ணும் நன்றாக இருந்தது. குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு, தடவிய விவரத்தை இயந்திரத்தில் பதிவு செய்யத் திரும்பினாள். அந்த இரண்டு நிமிடத்தில் தலைமை நர்ஸ் வந்து, துளை போடும் இடத்தைச் சுத்தம் செய்து, உறிஞ்சு குழாயை எடுத்து வைத்து, துணியை விரிக்கத் தயாரானார்.

"போர்த்தலாம்," என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம் டாக்டர். மூக்கு."

"பச்சை வந்திடுச்சுல்ல அக்கா? உள்ள ரத்தம் அழுத்திட்டே இருக்கு. ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நஷ்டம்." அவர் சொன்னதும் பொய் இல்லை. "அதுவுமில்லாம, படிவத்துல இப்ப அந்த வரியே இல்ல."

"படிவத்துல இல்லன்னா என்ன டாக்டர், முகத்துல இருக்குல்ல?"

முகமூடிக்குள் நர்ஸ் சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை. துணி இறங்குவதற்குள் அவள் குச்சியை எடுத்து மூக்கு நுனியில் வைத்துவிட்டாள்.

திரையில் குச்சி மூக்கில் இல்லை. மூக்குக்கு வெளியே, கன்னத்துக்குப் பக்கத்தில், அந்தரத்தில் நின்றது. ஒன்பது மில்லிமீட்டர். கண் ஓரத்தைத் தொட்டாள், அதே ஒன்பது. திரை பச்சைப் பசேலென்று இருந்தது.

"மறுபடி தொடுங்க," என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. அவள் தொட்டாள். மாற்றமில்லை.

அப்போதுதான் அவள் நட்சத்திரத்தைப் பார்த்தாள். உறிஞ்சு குழாய் சுருட்டி அதன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அது வெகுநாள் பழக்கம். பழைய இயந்திரத்தின் நட்சத்திரக் கை ஒரே இரும்பு, யானையைக் கட்டினாலும் அசையாது. கைக்கு எட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால் நர்ஸ்கள் அதைக் கொக்கியாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். புதியதன் கை எடை குறைந்தது, நடுவில் ஒரு மூட்டு வேறு. இத்தனை நாள் தாங்கிய மூட்டு அன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது, குழாயின் கனத்துக்குக் கை சத்தமில்லாமல் தொங்கிவிட்டது.

"நான் எப்பவும் அங்கதானே மாட்டுவேன்?" என்றார் நர்ஸ்.

"மாட்டுவீங்க. நானும் பல வருஷமா பாத்துட்டுத்தானே இருந்தேன், சிஸ்டர்," என்றாள் மூக்கு அக்கா.

குழாயை எடுத்தார்கள், மூட்டை இறுக்கினார்கள், அவள் முதலிலிருந்து தடவினாள். பதினாலு நிமிடம் போனது. இந்தத் தடவை திரையிலும் குச்சி மூக்கு நுனியில் நின்றது. பொத்தான் அளவுத் துளை வழியாகக் குழாய் இறங்கி, கறுத்த ரத்தம் மெல்ல வெளியே வந்தபோது டாக்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஒன்பதோட போயிருந்தா, ரத்தத்தை விட்டுட்டு நல்ல மூளையைத்தான் குத்தியிருப்பேன். பேச்சு போயிருக்கும். ஆளேகூடப் போயிருப்பார்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கருவி கழுவும் அறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்தத் தலையைக் காப்பாற்ற வேண்டிய வரியை, அந்தத் தலைக்காரரிடமே எடுக்கச் சொன்னவள் அவள்தான். அவள் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? பல்வலி என்று தாமதமாக வந்திருந்தால்? தொடுவதற்கு ஆள் இருந்திருக்காது. இதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மறுவாரம் நிர்வாகியின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"ரொம்ப நல்ல வேலை செஞ்சீங்க. உங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் சொல்லியிருக்கேன்."

"சான்றிதழ் வேண்டாம் சார். படிவத்துல அந்த வரி திரும்ப வேணும்."

"அதுல ஒரு சிக்கல் இருக்கு," என்றார் அவர், சிரிப்பு மாறாமல். "இயந்திரத்தோட பதிவை நிறுவனத்துக்கு அனுப்பினோம். 'மறுபடி பொருத்தப்பட்டது, துல்லியம் மீண்டது'ன்னு அதுல தெளிவா இருக்கு. அப்படின்னா தப்பை இயந்திரமே கண்டுபிடிச்சிருக்கு. பிறகு எதுக்குக் கையால?"

"பொருத்தினது நான் சார்! நான் தொட்டதாலதான் தெரிஞ்சுது. அது கடைசி வரைக்கும் பச்சையாவே இருந்துச்சு!"

"கோபப்படாதீங்க. பரிசீலிக்கிறேன்."

பரிசீலனை நடந்துகொண்டே இருந்தது. அவள் மூன்று கடிதம் கொடுத்தாள், செவிடன் காதில் ஊதிய சங்குதான். டாக்டரைப் பேசச் சொன்னாள். "கண்டிப்பா சொல்றேன் அக்கா" என்றவர் ஒரு மாநாட்டுக்குப் போய், புது இயந்திரத்தின் அருமை பெருமை பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றிவிட்டு வந்தார். அதில் மூக்கும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. இவர்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்றைத் தனியாகத் தைத்தா வைக்கமுடியும்?

நாலு மாதம் கழித்து அச்சுத் தம்பி வேலைக்குத் திரும்பினார், அரை நாள் மட்டும். வலது காலை இழுத்து நடந்தார், இடது கையால் எழுத்துக் கோத்தார். பேச்சு போகவில்லை. ஆனால் வாய் ஓயாத மனுஷர் இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே மருத்துவமனையின் மாதச் செய்தி இதழ் அச்சுக்கு வந்தது. அதன் முதல் பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொண்டு, மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்கு வந்து அவள் முன் நின்றார்.

"அக்கா... இது... நெஜமா?"

அவள் வாங்கிப் படித்தாள். 'தன் பிழையைத் தானே கண்டு எச்சரித்த இயந்திரம். ஊழியர் ஒருவரின் உயிர் காத்த நவீன வழிகாட்டி.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது பூசணிக்காயையே சோறு என்று பரிமாறுகிற வேலை. அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். நட்சத்திரத்தில் தொங்கிய குழாய், ஒன்பது மில்லிமீட்டர், கடைசி வரை மாறாத பச்சை. எல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அத்தோடு விட்டிருக்கலாம். விழுந்ததற்கு முந்தைய இரண்டு மாதம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்க இனி ஆள் கிடையாது.

"இன்னொண்ணு இருக்கு தம்பி," என்றாள். "அந்த வரியை எடுக்கலாமான்னு நீங்க மூணு மாடி படியேறி என்கிட்ட வந்து கேட்டீங்க. மேல போய்ப் பேசட்டுமான்னுகூடக் கேட்டீங்க. எடுங்கன்னு சொன்னது நான்தான். அவங்க மேல இருந்த கோபத்துல சொன்னேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை.

"நீங்க... சொன்னீங்க. நான்... எடுத்தேன்." மூச்சு வாங்கினார். "தலை... என்னுது."

"ஆமா தம்பி."

"எனக்கு... கோபம் வருது அக்கா. உங்க... மேலயும்."

"வரணும்," என்றாள்.

"உங்க மேல... நாளைக்கு." இடது கையை ஊன்றி எழுந்தார். "இன்னிக்கு... மேல போலாம்."

நிர்வாகி அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "வாங்க, வாங்க! முதல் பக்கமே உங்க கதைதான், பாத்தீங்களா?"

அச்சுத் தம்பி அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஆபரேஷன் படிவத்தின் புதுப் பிரதி ஒன்றையும் வைத்தார். மூக்கு வரி அதில் இருந்தது. மேலே வருவதற்கு முன் அச்சு அறைக்கு இறங்கிப் போய், ஒற்றைக் கையால் அவரே சேர்த்து எடுத்துவந்தது.

"இது... என் தலை சார். என் தலை மேல... பொய்யை... அச்சடிக்க மாட்டேன்."

"அட, பொய்யெல்லாம் இல்லங்க. நிறுவனமே எழுதிக் கொடுத்தது. உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, வெளியில கொடுத்து அடிச்சுக்கலாம்."

"அடிங்க." அடுத்த வார்த்தைக்காக அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என் சம்மதம்... இல்லாம... என் கதையை... போட முடியாது. சம்மதப் படிவம்... நான் அடிச்சதுதான். எனக்கு... அது தெரியும்."

நிர்வாகியின் சிரிப்பு முதல் தடவையாக மங்கியது. நோயாளியின் கையெழுத்து இல்லாமல் அவர் கதையை வெளியிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, மூக்கு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்குறேன். இந்த வரியை எடுக்கும்போது ஒரு ஆள்கூட ஆட்சேபிக்கலையே. அவ்வளவு முக்கியமான வரின்னா நீங்க ஏன் அப்பவே பேசல?"

அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. அவள் முகம் சிவந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"பேசல சார். இவர் வந்து கேட்டார், நான் எடுங்கன்னு சொன்னேன். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடலைங்கற ஆத்திரத்துல சொன்னேன். அது என் தப்பு. தாள் கொடுங்க, இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அதே தாள்ல உங்க தப்பை நீங்க எழுதுங்க. இயந்திரம் கண்டுபிடிக்கலன்னு எழுதுங்க. இல்லன்னா அடுத்த தலைக்கும் ஒருத்தரும் தொட்டுப் பார்க்க மாட்டாங்க. நான் எத்தனை நாளைக்கு விடுப்பு எடுக்காம இருப்பேன்?"

நிர்வாகி படிவத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பக்கம் ஆயிடுதே," என்றார், கடைசி முயற்சியாக.

"ஆகட்டுமே சார்," என்றாள்.

அவர் படிவத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். செய்தி இதழின் முதல் பக்கத் தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினார். அவருடைய தப்பை அவர் எழுதவில்லை. எழுதுவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. ஒரே ஒரு வரி. அதற்குப் பதினைந்து வருட அனுபவம் போதவில்லை, மூன்று கடிதம் போதவில்லை. ஒரு மனுஷர் தலையில் ரத்தம் கொட்டி, கால் இழுத்துக்கொண்டு, திக்கித் திக்கி வந்து நின்றால்தான் கையெழுத்து விழும் என்றால், இது என்ன நியாயம்? படி முடிகிற வரை அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினாள். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அச்சுத் தம்பி வந்தார். புதுப் படிவக் கட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு, நாற்காலி காட்டியும் உட்காராமல் நின்றார். சொன்னபடியே கோபத்தோடுதான் வந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏன்... அக்கா? நான்... கேட்டேன்ல? படியேறி... வந்து... கேட்டேன்ல? என் பொண்டாட்டி... நாலு மாசம்... எனக்கு... சட்டை போட்டுவிட்டா. நான்... சத்தமா... ஒரு... ஒரு..."

கதை என்று சொல்லவருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்க நாக்கு நுனி வரை வந்தது. கொடுக்கவில்லை. அவருடைய கோபம் அவருடைய வாயிலிருந்தே முழுசாக வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு... கதை... சொல்ல முடியல என் பிள்ளைக்கு. இருக்குற... இந்தப் பேச்சும்... போயிருக்குமே. ஒரு வார்த்தை... அக்கா. நீங்க... ஒரே ஒரு வார்த்தை... வேண்... வேண்..."

அறைக்குள் நுழைந்த தலைமை நர்ஸ் நின்றுவிட்டார். அவள் நர்ஸைப் பார்க்கவில்லை, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"வேண்டாம்னு... சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் தம்பி," என்றாள்.